மயக்க மருந்துப் படிவத்தின் பதினேழாவது கேள்வி

1

கத்திக்கு நான் பயப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊரிலிருந்து தொலைபேசியில் கதைத்தவர்கள் எல்லோரும் "கழுத்தை வெட்டப் போறாங்களாம், பயமில்லையோ" என்றுதான் கேட்டார்கள். என் கழுத்தில் இருந்த கழலை ஒரு தேசிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. விழுங்கும்போது சோறு இடறியது. வெட்டி எடுக்கத்தான் வேண்டும் என்று இங்கே ஜெர்மனியில் மூன்று வைத்தியர்கள் சொன்னார்கள். மூன்றாவது வைத்தியரிடம் நான் போனதற்குக் காரணம், முதல் இருவரும் ஒரே மாதிரிச் சொன்னதுதான். இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொன்னால், அவர்கள் முன்பே கதைத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் படும்.

வெட்டட்டும். வெட்டுவதற்கு முன் என்னை மயக்குவார்களே, அதுதான் என் பயம். முன்பின் தெரியாத ஒருவர் என் மூச்சைத் தன் கையில் எடுத்துக்கொள்வார். திருப்பித் தருவாரா என்பதை நான் விழித்திருந்து பார்க்க முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு பக்கத்தில் ஒரு படிவம் வந்தது. மகள் சிந்துஜாவுக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு மணி நேரத் தூரத்தில் வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். ஒரு சனிக்கிழமை வந்தாள். குசினி மேசையில் படிவத்தை விரித்து, இல்லை, இல்லை, இல்லை என்று புள்ளடி போட்டுக்கொண்டே போனாள்.

"என்ன கேக்கிறாங்கள்?"

"வழமையானதுதான் அம்மா. சிகரெட் பத்துவீங்களோ, பொய்ப்பல்லு இருக்கோ."

"ஆறு பக்கமும் பொய்ப்பல்லோ?"

"ட்ரெயினுக்கு நேரம் போகுது அம்மா. இதில கையெழுத்து வையுங்கோ."

நான் வைக்கவில்லை. பிறகு வைக்கிறேன் என்று சொல்லிப் படிவத்தை வாங்கி, அலுமாரிக்குள் துணிகளுக்குக் கீழே வைத்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விசாரணையில், எந்த ஊர் என்று கேட்டார்கள். ஊர்காவற்றுறைப் பக்கம் என்றேன். மொழிபெயர்க்க வந்தவர் தமிழர்தான், ஆனால் எங்கள் பக்கத்தவர் இல்லை. அவர் அதை ஊர்க் காவல்துறை என்று விளங்கிக்கொண்டு, என் தகப்பன் ஊரில் பொலிஸ்காரர் என்று எழுதிவிட்டார். கீழே நான் கையெழுத்தும் வைத்துவிட்டேன். தெற்கில் கடை வைத்திருந்த ஒரு மனிதரைப் பொலிஸ் உத்தியோகத்திலிருந்து விலக்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது. அன்றிலிருந்து, இன்னொருவர் எனக்காக நிரப்பிய எதிலும் நான் உடனே கையெழுத்து வைப்பதில்லை. அது என் மகளாக இருந்தாலும்.

திங்கட்கிழமை வேலையால் வந்து, படிவத்தை எடுத்து, கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பை வைத்து ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தேன். பதினேழாவது கேள்வி இது: உங்கள் இரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்தினால் பிரச்சினை ஏற்பட்டதுண்டா?

இல்லை என்று மகள் புள்ளடி போட்டிருந்தாள். என்னிடம் கேட்கவே இல்லை.

2

அப்போது எனக்குப் பதினொரு வயது. அண்ணைக்குப் பத்தொன்பது. அண்ணைக்கு அடிவயிற்றில் குத்து வந்து, மூன்றாம் நாள் குனிந்தபடி நடக்கத் தொடங்கினார். எங்கள் தகப்பன், ஐயா, தெற்கில் கடையில் இருந்தார். அம்மா எங்கள் ஊர் புளியங்கூடலில் ஒரு வாடகைக் காரைப் பிடித்து, அண்ணையைப் பின்சீட்டில் படுக்க வைத்து, பட்டணத்துக்குக் கொண்டு போனா. வீட்டில் அக்கா ஆடு மாட்டைப் பார்க்க நின்றதால் நான் அம்மாவுடன் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். குடல்வால் வீங்கிவிட்டது, அடுத்த நாள் காலை வெட்ட வேண்டும் என்றார்கள்.

காலையில் அண்ணையை உள்ளே கொண்டு போனார்கள். அரை மணித்தியால வேலை என்று ஒரு தாதி சொன்னா. நாங்கள் வெளியே நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பத்து மணியாயிற்று, பதினொன்றாயிற்று. அண்ணைக்குப் பிறகு உள்ளே போன இருவரை வெளியே கொண்டு வந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணி போல மயக்க மருந்து கொடுக்கிறவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"அம்மா, ஒப்பிரேசன் முடிஞ்சுது. ஆனா மகன் தானா மூச்சு எடுக்கிறாரில்லை. நாங்கள் பையை அமத்தி மூச்சுக் குடுத்துக் கொண்டிருக்கிறம். இன்னும் செல்லும்."

"உயிர் இருக்கோ?" என்று அம்மா கேட்டா.

"இருக்கு. நான் இதில நிக்க ஏலாது" என்று சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டார்.

பின்னேரம் மூன்று மணி தாண்டித்தான் அண்ணை கண் திறந்தார். அடுத்த நாள் ரயிலில் ஐயா வந்து சேர்ந்தார். மயக்க மருந்து கொடுத்த அந்த மனிதருடன் கட்டிலடியில் ஏதோ கதைத்தார். பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு கதைதான் இருந்தது: அளவு தெரியாத ஒருத்தன் மருந்தைக் கூட ஏத்திப் போட்டான், பிள்ளை சாகக் கிடந்து பிழைச்சது. ஐயா இதைக் கடையில் சொன்னார், கோயிலில் சொன்னார், கலியாண வீடுகளில் பந்தியில் இருந்து சொன்னார். மேலிடத்துக்கு முறைப்பாடும் எழுதினார். சில மாதங்களில் அந்த மனிதரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, ஐயா வழக்கில் வென்றவர் போல இருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் மயங்கப் போகவில்லை. அம்மா வயிற்றில் ஒரு கட்டியுடனேயே பதினைந்து வருடம் இருந்து, அதனாலேயே போனா. சிந்துஜா பிறக்கும்போது முதுகில் ஊசி போட வந்த தாதியின் கையை நான் தட்டிவிட்டேன். பிறகு வலியில் நான் போட்ட அலறலை இவர், என் கணவர், கார் தரிப்பிடத்தில் நின்று கேட்டதாகச் சொல்வார். ஆஸ்பத்திரி என்றால் இவர் அதற்கு அப்பால் வரமாட்டார்.

ஆகவே பதினேழாவது கேள்விக்கு என்ன பதில்? பிழை வைத்தியரில் என்றால் மகள் போட்ட புள்ளடி சரி. ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் பெரிய பிள்ளையாகி ஒரு வருடம் போலிருக்கும், குசினிக்குள் அம்மாவும் ஐயாவும் சண்டை பிடித்தார்கள். "அந்தத் துண்டையாவது வைச்சிருந்திருக்கலாம்" என்றா அம்மா. "வாயை மூடு, பெட்டையளின்ர காதில விழப்போகுது" என்றார் ஐயா. விழுந்துவிட்டது. எந்தத் துண்டு என்று கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

3

அண்ணை இன்னும் புளியங்கூடலில்தான் இருக்கிறார். அடுத்த நாள் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, உங்களுக்கு ஒப்பிரேசன் செய்த நேரம் உண்மையில என்ன நடந்தது?"

"உனக்கேன் இப்ப அந்தப் பழங்கதை?"

"என்னை மயக்கப் போறாங்கள். இஞ்ச கேக்கிறாங்கள்."

"அதுதான் தெரியுமே. மருந்து கூடிப் போச்சு."

"அப்ப துண்டு எண்டு அம்மா சொன்னது என்ன?"

"பிள்ளை, லைன் சரியில்லை. பிறகு எடுக்கிறன்" என்றார். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவர் வீட்டுக் கோழி கொக்கரிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இரண்டு நாள் அண்ணை எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் அவர் மனைவி, மச்சாள்தான் கதைத்தா. அவர் வெளியே போய்விட்டார், குளிக்கிறார், படுத்திருக்கிறார். என் அண்ணை பகலில் படுக்கிற ஆளே இல்லை. என்னத்தை மறைக்கிறார்கள் என்று எண்ணி எண்ணி, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவையறையில் முதியவர்களின் துணிகளை மாறி அடுக்கிவிட்டேன். ஒரு கிழவருக்கு யாரோ ஒரு பெண்ணின் இரவு உடுப்பு போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் காற்றும் கடலும் இரைந்தன. அண்ணை மண்கும்பான் கடற்கரைக்குத் தனியாகப் போய் நின்று கதைத்திருக்கிறார்.

"பிள்ளை, வீட்டில வைச்சுக் கதைக்க ஏலாது. எங்கட மகள் தர்சிகாவுக்கு ஒரு கலியாணம் பேசிக் கொண்டிருக்கிறம். நல்ல இடம். அதாலதான். அண்டைக்கு ஐயா வந்து நிக்கேக்க நான் கண்ணை மூடிக் கொண்டு கிடந்தனான், ஆனா முழிப்பு. அந்த மனுசன் ஐயாவுக்குச் சொன்னவர், நான் அளவாத்தான் குடுத்தனான், இது இவற்ற இரத்தத்தில உள்ள குறை, மற்றப் பிள்ளையளுக்கும் இருக்கக்கூடும் எண்டு. மருந்தின்ர பேரை ஒரு துண்டில எழுதிக் குடுத்தவர், இதைப் பத்திரமா வைச்சிருங்கோ, எந்த டொக்டரிட்டப் போனாலும் காட்டுங்கோ எண்டு. ஐயாவுக்குக் கோபம் வந்திட்டுது. தன்ர பிழையை எங்கட இரத்தத்தில போடுறாய் எண்டு கத்தினவர். வீட்ட வரேக்க, நீ அம்மாவின்ர மடியில நித்திரை, பண்ணைப் பாலத்தில காரின்ர கண்ணாடியை இறக்கிப் போட்டு, அந்தத் துண்டைக் கிழிச்சுக் கடலுக்க எறிஞ்சவர். பிறகு எனக்குச் சொன்னவர், வீட்டில ரெண்டு குமர் வளருது, இரத்தத்தில குறை எண்டு வெளியில போனா எவன் வந்து கேப்பான், நீ ஒண்டும் கேக்கேல்லை எண்டு. நான் ஓம் எண்டு சொல்லிப் போட்டன்."

பதிவை நான்கு தடவை கேட்டேன். ரெண்டு குமர். அதில் ஒன்று நான். ஐயா பந்திக்குப் பந்தி அந்த மனிதரைத் திட்டியது எனக்குக் கலியாணம் பேசத்தான்.

ஐயாவில் கோபம் வந்ததா என்றால், உடனே வரவில்லை. முதலில் அண்ணையில்தான் வந்தது. அக்கா கனடாவில் இரண்டு பிள்ளை பெற்றவ. நான் ஒன்று. எங்களில் யாரையாவது அவசரமென்று மயக்கியிருந்தால்? பதில் அனுப்ப எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், "கேட்டன் அண்ணை" என்று மட்டும் அனுப்பினேன்.

4

மயக்க மருந்து வைத்தியருடன் கதைக்கும் நாளன்று சிந்துஜா விடுமுறை எடுத்து வந்தாள். வைத்தியர் கட்டையாகத் தலைமயிர் வெட்டிய ஒரு பெண். என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். படிவத்தைப் பார்த்தபடி அவ வேகமாகக் கதைத்தா. மகள் அதைவிட வேகமாகத் தமிழில் சொன்னாள். வைத்தியர் ஒரு நிமிடம் கதைத்தால் மகளின் தமிழ் ஒரு வரியில் முடிந்தது. மிச்சம் எங்கே போகிறது என்று நான் இருவரின் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாவது கேள்விக்கு வந்தபோது நான் கையை நீட்டிப் படிவத்தில் விரலை வைத்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் சொன்னேன். "இது இல்லை அல்ல. இது ஆம். என் அண்ணா. மயக்கம். ஐந்து மணித்தியாலம் மூச்சு இல்லை."

வைத்தியர் பேனையைக் கீழே வைத்தா. சிந்துஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு நீங்கள் இதைச் சொல்லவே இல்லை."

"நீ கேக்கேல்லை."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அன்று அதற்குப் பிறகு அவள் ஒரு சொல்லையும் விடவில்லை. வைத்தியர் கேட்டதை முழுதாகத் தமிழில் கேட்டாள், நான் சொன்னதை முழுதாக அங்கே சொன்னாள். குரல் பதிவை மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினோம். கடல் இரைச்சலுக்குள் அண்ணை சொன்னதை அவள் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தாள். "குமர் எண்டா என்ன?" என்று ஒரு இடத்தில் என்னிடம் கேட்டாள்.

வைத்தியர் ஒரு கேள்வி கேட்டா. மகள் தயங்கினாள்.

"உங்கட அம்மாவும் ஐயாவும் சொந்தமோ எண்டு கேக்கிறா."

"அது ஏன் அவவுக்கு?"

"சொல்லுங்கோ அம்மா."

சொந்த மச்சான் மச்சாள் என்றேன். எங்கள் தீவில் அது பெரிய விஷயமே இல்லை என்றும் சொல்லச் சொன்னேன். வைத்தியர் தலையாட்டி எழுதினா. பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக விளக்கினா.

"இரத்தத்தில ஒரு சாமான் இருக்காம் அம்மா. தமிழில எனக்குத் தெரியேல்லை. தசையளைத் தளர வைக்க ஒரு மருந்து குடுக்கிறவையாம், அந்தச் சாமான்தான் அதைக் கரைக்கிறதாம். மற்ற ஆக்களுக்கு அஞ்சு நிமிசத்தில கரைஞ்சு போயிடுமாம். சில குடும்பங்களில அந்தச் சாமான் சரியா வேலை செய்யாதாம், அப்ப மணித்தியாலக்கணக்கா மூச்சு வராதாம். மாமாவுக்கு அளவு கூடேல்லை. அளவு சரி. ஆள்தான் வேற மாதிரி."

எனக்கு இரத்தம் எடுத்தார்கள். சிந்துஜாவும் கையை நீட்டினாள். எழும்பும்போது வைத்தியர் இன்னொன்று சொன்னா. அதை மொழிபெயர்க்கும்போது மகளின் குரல் மாறியிருந்தது.

"அந்தக் காலத்தில அங்க மெசின் இருந்திருக்காது எண்டு நினைக்கிறாவாம். அப்ப ஒரு ஆள் அஞ்சு மணித்தியாலமும் கையால அமத்திக் கொண்டே நிண்டிருக்க வேணுமாம். தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தா மாமா இல்லையாம். ஆர் அந்த டொக்டர் எண்டு கேக்கிறா."

"பேர் தெரியாது" என்றேன். நாற்பது வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் திட்டிய ஒருவரின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

5

பத்து நாளில் முடிவு வந்தது. எனக்கு அந்தக் குறை இருக்கிறது. மகளுக்குப் பாதி. எந்த மருந்தைத் தரக்கூடாது என்று எழுதி, பணப்பையில் வைக்கக்கூடிய ஒரு அட்டையும் ஒரு கடிதமும் தந்தார்கள். வேறு மருந்து இருக்கிறது, அதைத் தருவோம் என்றார்கள்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். பயத்துக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்திருந்தது, அவ்வளவுதான். பெயர் கிடைத்ததும் புதுச் சந்தேகம் வந்தது. நான் சொன்னதை இவர்கள் சரியான கோப்பில்தான் எழுதினார்களா? என் பெயர் நீளமானது. இந்த நாட்டில் அதை மூன்று விதமாக வெட்டியிருக்கிறார்கள்.

வெட்டுவதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி தொலைபேசி எடுத்து, நாளைக் காலை "நுஷ்டேர்ன்" ஆக வரவேண்டும் என்றா. எனக்கு அந்தச் சொல்லைத் தெரியும். என் வேலையிடத்தில் ஒருவன் குடித்துவிட்டு வந்தபோது, நுஷ்டேர்ன் ஆன பிறகு வா என்று மேலாளர் அவனை வீட்டுக்கு அனுப்பினார். நான் வாழ்நாளில் மது தொட்டதில்லை என்று அந்தத் தாதிக்குக் கடுமையாகவே சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். எங்கள் ஆட்களைப் பற்றி இவர்கள் இப்படித்தான் நினைத்திருக்கிறார்கள் என்று பின்னேரம் மகளிடம் சொன்னேன். வெறும் வயிற்றுக்கும் அதே சொல்தான் என்று அவள் சொல்லாவிட்டால், காலையில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருப்பேன்.

அடுத்த நாள் ஒப்பிரேசன் மேசையில் படுத்ததும், பக்கத்தில் இருந்த ஊசிகளைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கட்டையாகத் தலைமயிர் வெட்டிய அதே வைத்தியர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஊசியையும் எடுத்து, ஒட்டியிருந்த பெயரை என் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினா. நான் அட்டையில் பாடமாக்கி வைத்திருந்த பெயர் அவற்றில் இல்லை. பிறகு அவவின் பெயரைக் கேட்டேன். சொன்னா. நான் திருப்பிச் சொன்னேன். பிழையாக உச்சரித்தேன் போல, இன்னொரு தடவை சொன்னா. நானும் இன்னொரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை.

கண் விழித்தபோது தொண்டை நெருப்பாய் எரிந்தது. மூச்சு வந்துபோனது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

6

குரல் திரும்ப இரண்டு கிழமை ஆனது. அதற்குள் சிந்துஜா ஆஸ்பத்திரிக் கடிதத்தை எனக்குப் பக்கத்தில் இருந்து தமிழில் எழுதி, அண்ணைக்கும் அக்காவுக்கும் அனுப்பினாள். அக்கா இரத்தம் கொடுக்கப் போகிறா. அண்ணையிடமிருந்து பதில் இல்லை. கலியாணம் முடியும்வரை அதை ஒளித்து வைப்பார் என்று நான் நினைத்தேன். ஐயாவின் மகன்தானே.

ஒருநாள் தர்சிகாவே தொலைபேசி எடுத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள்.

"மாமி, அப்பா கடிதத்தைக் காட்டினவர். மூண்டு நாள் யோசிச்சுப் போட்டுத்தான் காட்டினவர். மாப்பிள்ளை வீட்டுக்கு நான்தான் அனுப்பினனான்."

"என்ன சொல்லிச்சினம்?"

"சாதகம் பொருந்தேல்லையாம். போன மாதம் பொருந்தினது." சிரித்தாள். "பரவாயில்லை மாமி. அந்த அட்டையை எப்பிடி எடுக்கிறது எண்டு சொல்லுங்கோ."

தொலைபேசியை அண்ணை வாங்கினார். கலியாணம் குழம்பியதற்கு என்னில் குறை சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"பிள்ளை, நேற்றுக் கோயிலில நாலு பேருக்கு முன்னால சொல்லிப் போட்டன், அண்டைக்கு அந்த டொக்டரில பிழையில்லை எண்டு."

"என்ன சொல்லிச்சினம்?"

"ஐயா செத்தாப் பிறகு ஐயாவைப் பொய்க்காரன் ஆக்குறன் எண்டு ஒராள் சொன்னவர். மற்றவைக்கு ஞாபகமே இல்லை." பிறகு, "எனக்கு இருக்கு" என்றார்.

அதனால்தான் இதை ஊருக்கு எழுதுகிறேன். தீவுப்பகுதியிலோ பட்டணத்திலோ அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், யாராவது வாசிக்கக்கூடும். ஒரு முறைப்பாட்டால் இடம் மாற்றப்பட்ட மயக்க மருந்து வைத்தியர் ஒருவரைப் பற்றி வீட்டில் யாரும் சொல்லக் கேட்டிருந்தால், அவர் பெயரை இதை வெளியிடுகிறவர்களிடம் சொல்லுங்கள்; எந்த ஆஸ்பத்திரி என்பதை அவர்களிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். முறைப்பாடு பொய். எழுதியவர் என் தகப்பன்.

அடையாளம் என்று சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. மெலிந்தவர், அப்போது முப்பது வயது இருக்கலாம். அன்று பின்னேரம் அண்ணை கண் திறந்த பிறகு, அவர் வெளியே வந்து எங்கள் வாங்கின் மறுமுனையில் இருந்தார். தாதி ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டு வந்து நீட்டினா. அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் மடங்கியபடியே நின்றன, விரியவில்லை. அம்மாதான் கோப்பையை வாங்கி அவர் வாயில் பிடித்தா.